இஜ்ஜாவின் இரண்டு பாட்டில்கள்

எங்கள் ஊர் ஆர்கன் மரத்துப் பழத்தில் வீணாகப் போவது எதுவும் இல்லை. சதை ஆட்டுக்கு, ஓடு அடுப்புக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. பருப்புதான் நமக்கு. அதைப் பச்சையாக ஆட்டினால் முகத்துக்கும் முடிக்கும். வறுத்து ஆட்டினால் ரொட்டிக்கு. பச்சை எண்ணெயில் வாசமே இருக்காது. வறுத்ததோ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே சாப்பாட்டுக்கு அழைத்து வந்துவிடும்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் வறுப்பவள் இஜ்ஜா. புருஷன் இறந்ததிலிருந்து அந்த மண்சட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். பருப்பை எந்த நிறத்தில் இறக்கவேண்டும் என்று அவள் கண்ணுக்குத் தெரியும். மூக்குக்குத்தான் ஒன்றும் தெரியாது. அந்தப் புகையிலேயே கிடந்ததில், வறுத்த வாசம் அவளுக்கு வெறும் காற்றாகிவிட்டது.

ஒருமுறை நகரத்திலிருந்து வந்த மருந்துக்கார அம்மா, இந்த எண்ணெயில் ஒலிக் அமிலம் இருக்கிறது, வைட்டமின் ஈ இருக்கிறது, தோலுக்கு நல்லது, இதயத்துக்கும் நல்லது என்றெல்லாம் சொன்னார்.

“இதயத்துக்குமா? அப்ப பிஹிக்கு ஒரு பாட்டில் அனுப்புடி இஜ்ஜா!” என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தோம். இஜ்ஜா தலை நிமிராமல் சட்டியைக் கிளறினாள்.

பிஹி தேனீ வளர்ப்பவர், மனைவியை இழந்தவர். அவருக்கு இவளைப் பிடிக்கும், இவளுக்கும் அவரை. ஆனால் அவருடைய அக்கா கெல்தூமா தலையசைத்தால்தான் கல்யாணம். அந்த அம்மாள் பெண் பார்க்க வந்த அன்று தேநீர் ஊற்ற என்னைக் கூப்பிட்டாள் இஜ்ஜா. வாய் திறக்க வேண்டாத வேலை என்பதால் போனேன்.

பிஹி கழுதையோடு வெளியே நின்றுகொண்டார். கெல்தூமா உள்ளே வந்து மூக்கை உயர்த்தினாள்.

“அடடா, வறுத்த எண்ணெய்! வீடே மணக்குதே.”

பார்லி ரொட்டியைப் பிய்த்து, கிண்ணத்து எண்ணெயில் தோய்த்து, மென்றாள். முகம் மாறியது.

“ஏம்மா, இது தலைக்குத் தேய்க்கிறதாச்சே!”

“ஐயோ அக்கா, நானே வறுத்தது!”

“வறுத்தது எங்கயோ மணக்குது. கிண்ணத்துல இருக்கிறது செத்துக் கிடக்குது. நல்லத ஒளிச்சு வச்சுட்டு எங்களுக்கு முடி எண்ணெயா? நாங்க சாப்பிட வந்தோமா, சடை பின்ன வந்தோமா?”

“அல்லா மேல சத்தியமா எதையும் ஒளிக்கல!” என்று பாட்டிலைப் பார்க்க இஜ்ஜா உள்ளே ஓடினாள். வாசமும் கூடவே போனது. வெறுங்கையோடு திரும்பினாள். வாசமும் திரும்பி வந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளறையில் ஜன்னல் கிடையாது. ஒரே மாதிரி இரண்டு பாட்டில். அவசரத்தில் வறுத்ததை முகத்தில் பூசி, பச்சையைக் கிண்ணத்தில் ஊற்றியிருக்கிறாள்.

கெல்தூமா எழுந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாசலைத் தாண்டிவிட்டால் இந்தக் கல்யாணப் பேச்சு முடிந்தது.

“வாசம்... அவ கன்னத்துல இருக்கு,” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர்க் குவளையைப் பார்த்தேன்.

கெல்தூமா கிட்டே போய் முகர்ந்தாள். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துண்டு ரொட்டியை இஜ்ஜாவின் கன்னத்தில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“கொஞ்சம் கருக வறுத்துட்டே.”

இஜ்ஜாவுக்குக் கல்யாணம் மறந்துபோனது.

“யாரு, நானா? கருகினா கசக்கும். கசக்குதா? சும்மா சொல்லாதீங்க, இன்னொரு வாய் சாப்பிட்டுப் பாருங்க!” என்று மறு கன்னத்தைக் காட்டினாள்.

கெல்தூமா அதையும் துடைத்து மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

“கசக்கல,” என்று உட்கார்ந்தாள். “எங்க வீட்டுல என்னை எதிர்த்துப் பேச ஆளில்லாம எனக்குச் சண்டையே மறந்துபோச்சு. அடியே, டீ ஊத்துற பொண்ணு, அவனை உள்ள வரச்சொல்லு.”

பிஹி வந்து, கூச்சத்தோடு இஜ்ஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை இழுத்தார்.

“என்னக்கா, வறுத்த எண்ணெயா?”

“ஆமாடா,” என்றாள் கெல்தூமா. “ரொட்டி எடுத்துக்கோ.”