சிரித்த மாதிரி ஒரு போட்டோ

என் அக்கா வீட்டுக்காரர் முப்பது வருடமாக நடிகர். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏட்டு, வங்கி மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்த வேடத்தையெல்லாம் போட்டவர். தெருவில் யாராவது நிறுத்தி, "உங்கள எங்கியோ பாத்திருக்கேனே, கரண்ட் ஆபீஸா?" என்பார்கள். எதிராளி மனம் நோகக்கூடாதென்று அத்தானும் ஆமாம் என்பார். ஒருத்தர் மீட்டர் ஓடவில்லையென்று அங்கேயே புகார் கொடுத்துவிட்டார்.

இந்த நாலு வருடமாகத்தான் ஒரே இடத்தில் நிலைத்தார். டிவி தொடர் ஒன்றில் கதாநாயகிக்கு அப்பா. கேமரா நின்ற பிறகும் அந்தப் பெண் அவரை அப்பா என்றே கூப்பிடும். பிள்ளையில்லாத மனுஷன். வீட்டுக்கு வந்து, "பொண்ணு இன்னிக்கு சரியாவே சாப்பிடல" என்று அக்காவிடம் கவலைப்படுவார். அவள் என்ன சொல்வாள்? கேட்டுக்கொள்வாள்.

போன மாதம் அந்தத் தொடரின் மேனேஜர் வந்து, "சார், சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ குடுங்க. கொஞ்சம் பெருசா" என்றார். அந்தத் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பாத்திரத்தைச் சாகடித்துச் சுவரில் மாட்டப் போகிறார்கள்.

அத்தான் என்னென்னவோ சாக்குச் சொன்னார். பீரோ சாவியைக் காணோம், இருப்பதெல்லாம் முறைத்த மாதிரிதான் இருக்கிறது என்றார். "ஒரு தடவகூடவா சார் சிரிக்கல நீங்க?" என்று மேனேஜர் நொந்துகொண்டாராம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "விட்டுத் தள்ளுங்க அத்தான், வேற தொடரா கிடைக்காது?"

"தொடர் கிடைக்கும்டா" என்றார்.

கடைசியில் அவர்களே நிற்கவைத்து எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் சாவுக் காட்சி. துணைக்கு நானும் போயிருந்தேன். கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். செத்துச் செத்துப் பழகியவர், இமைகூட ஆடாது. அந்தப் பெண் மேலே விழுந்து "அப்பா" என்று கூப்பிட்டதுதான் தாமதம், மூடின கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"கட்! பொணம் அழுவுமா சார்?" இயக்குநர் கத்தினார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே கதை. நாலாவது தடவை கதை எழுதுகிறவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்க, கோமாவுல போட்டுருவோம்."

இப்போது வாரம் மூன்று நாள் போய்ப் படுத்துவிட்டு வருகிறார். ஒரு வரி வசனம் கிடையாது. "முப்பது வருஷம் நடிச்சது இப்படிப் படுக்கத்தானா?" என்று நான் வாயை விட்டேன்.

அத்தானுக்குக் கோபமே வரவில்லை.

"அவ என் கையப் புடிச்சுக்கிட்டு, எந்திரிங்கப்பா, எந்திரிங்கப்பான்னு கூப்பிடுறாடா" என்றார். "எனக்கு எந்திரிக்கவே மனசு வரல."