ஒரு வெங்காயங்கள்

எங்கள் வீட்டில் வெகுகாலம் ஒரு வெங்காயத்தை ‘ஒரு வெங்காயங்கள்’ என்றுதான் சொல்வோம். கேட்டவர்கள், மெல்பேர்னில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் வராது என்று என்னைப் பார்த்து இரங்குவார்கள். நான் வாய் திறந்து விளக்கம் சொல்கிற பிள்ளை இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து படகில் வந்து, கொஞ்சக் காலம் முகாமில் இருந்து, 2011இல் கிரெய்கிபர்னில் எங்களோடு வந்து சேர்ந்தார். ட்ருகனினாவில் ஒரு கொட்டகையில் வெங்காயம் உரிக்கிற வேலை கிடைத்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கூட வேலை செய்த மொரோக்கோக்காரர் ஒருவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். காலையில் ஹோர்ன் அடித்து மாமாவை ஏற்றிப்போவார். பின்னேரம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். நான் அவரை மொரோக்கோ அங்கிள் என்பேன். இரண்டு பேரும் உள்ளே வந்தால் வீடே வெங்காயமாக மணக்கும்.

முதல் நாளே அப்பா, “யூ அராப்?” என்று கேட்டுவிட்டார்.

“நோ அராப். அமாசிக்,” என்றார் அவர். வெளியார் பெர்பர் என்று அழைக்கிற மக்கள். அரபிகள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். சிறுவயதில் தன் பாஷையைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர். குசினியிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து என் கையில் வைத்து, அரபியில் இது பசல், என் பாஷையில் அசாலிம் என்று சொல்லித்தந்தார். அந்தச் சொல்லை யாரிடமும் கைநீட்டி வாங்கவில்லை என்பது போல இருந்தது அவர் சொன்ன விதம்.

மாமாவுக்குப் பகிடி விடாமல் இருக்க முடியாது. நூலகத்துக் கணினியில் தன் தற்காலிக விசாவைப் பற்றிய செய்தி பார்க்கப் போனவர், அதை விட்டுவிட்டு வெங்காயத்தைத் தேடியிருக்கிறார். ஒருநாள் தேநீர் நேரத்தில் கண்டுபிடிப்பை அவிழ்த்தார். அசாலிம் அவர்களுடைய சொல்லே இல்லையாம். அரபிகளுக்கும் வெகுகாலம் முன்பு கப்பலில் வியாபாரத்துக்கு வந்த பினீசியர் விட்டுப்போனதாம். அந்தப் பினீசியரின் பாஷையும் அரபும் எபிரேயமும் செமித்தியம் என்கிற ஒரே குடும்பம். ஆகவே பசலும் அசாலிமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதோடும் அவர் நிற்கவில்லை. தேவாலயப் பூசையில் வானதூதர்களைக் கெருபீம், செராபீம் என்று சொல்கிறோமே, அந்த ‘ஈம்’தான் அசாலிமின் கடைசியிலும் இருக்கிறதாம். நம்முடைய ‘கள்’ மாதிரி. வியாபாரி கூடையைக் காட்டி வெங்காயங்கள் என்று சொல்ல, இவர்கள் ஒரு வெங்காயத்துக்கே அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

“யூ பீப்பிள் சே வன் அனியன்ஸ், பிரதர்!” மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

மொரோக்கோ அங்கிள் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஹோர்ன் கேட்கவில்லை. மாமா சாப்பாட்டுப் பையோடு தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். இன்னொரு தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று வேலைத்தலத்தில் சொல்லிவிட்டார்கள்.

அன்று அம்மா மாமாவைக் குசினியில் பிடித்துக்கொண்டார். “உனக்கு வாய் சும்மா கிடக்காதோ? இனி ஆரடா உன்னை ஏத்திக்கொண்டு போறது?”

“பகிடிக்குத்தானே அக்கா சொன்னனான்.”

“பகிடியோ? அந்தப் பாஷைக்காக அடி வாங்கின மனிசனடா!”

மாமா நூலகத்துக்குப் போனார். மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

அம்மா தானே போன் எடுத்து மொரோக்கோ அங்கிளை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அவரால் மறுக்க முடியவில்லை. வந்து, கதிரை நுனியில் இருந்தார். மாமா அறையிலிருந்து ஒரு கால் வெறுங்காலாக வந்தார். கையில், கழற்றிய காலுறை.

“பிரதர், இதுக்கு எங்கட பேர் மேசு. போர்ச்சுகீஸ் வேர்ட். தே சே சொக்ஸ், மெனி மெனி. வீ சே வன் சொக்ஸ்!”

பிறகு கதிரையைத் தட்டினார், குசினியைக் காட்டினார், வாசலில் கிடந்த சப்பாத்தைக் காட்டினார். எல்லாம் போத்துக்கீசர் விட்டுப்போன சொற்கள் என்றார். மொரோக்கோ அங்கிள் அந்தக் காலுறையை வாங்கி, பெருவிரல் ஓட்டைக்குள்ளால் மாமாவைப் பார்த்தார். மெல்ல மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“ஸ்மெல் இஸ் அசாலிம்,” என்றார்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

சாப்பிடும்போது மொரோக்கோ அங்கிள், அந்தப் போத்துக்கீசர் உங்கள் ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டார். “போட்,” என்றார் மாமா. எங்கள் வெங்காயமும் போட்தான் என்றார் அவர். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். வந்த சொல்லைப் பார்த்து, எங்கிருந்து வந்தாய் என்று ஆட்கள் கேட்காமல் விடுவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று மாமா கேட்டார்.

“மேபி டூ தௌசண்ட் இயர்ஸ்.”

“மை விசா, த்ரீ மந்த்ஸ்,” என்றார் மாமா.

இரண்டு பேரும் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா மட்டும் சோறு எடுக்க எழுந்து போனார். மேசைமேல் இருந்த சட்டியில் சோறு இன்னும் நிறைய இருந்தது.

மறுநாள் காலை ஹோர்ன் கேட்டது. போர்வைக்குள் கிடந்தபடி விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதம் என்றால் நத்தார்ப் பண்டிகையிலிருந்து கிட்டத்தட்ட ஈஸ்டர் வரைக்கும். அம்மாடி, எவ்வளவு காலம் என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் தூங்கிப்போனேன்.