சபைப் பத்திரிகையில் தோபித்து

சாவதற்குள் ஒரு தடவையாவது எங்கள் லுத்தரன் சபைப் பத்திரிகையில் என் பெயர் வந்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நடவுக்குப் போனவளுக்கு இந்த ஆசை ஆகாது என்பார் என் வீட்டுக்காரர். அவர் பெயர் ஆயுள் சந்தாதாரர் பட்டியலில் ஒருமுறை வந்தது. அந்த இதழை ஞானஸ்நானச் சான்றிதழ் மாதிரி பீரோவில் வைத்திருக்கிறார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் பத்திரிகை கத்தோலிக்கரைத் திட்டும், அவர்கள் பத்திரிகை எங்களைத் திட்டும். மாமனார் இரண்டையும் வாங்கி, சேவல் சண்டை பார்க்கிறவர் போலத் தொடையைத் தட்டிக்கொண்டே படிப்பார். இப்போது கல்யாணநாள் போட்டோவும் வேத வினாடி வினாவும்தான். என் மகளையே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கத்தோலிக்க வீட்டில் கொடுத்திருக்கிறோம்.

வினாடி வினாவில் எல்லாம் சரியென்றால் பெயர் போடுவார்கள். போன தை மாதம் ஒரே கேள்வி இடித்தது: ‘முதுமையில் பார்வை இழந்த தகப்பன் யார்?’ பொங்கலுக்கு வந்திருந்த சம்பந்தியம்மாவிடம் கேட்டேன்.

“இது தெரியாதா சம்பந்தி? தோபித்து! தூங்குறப்ப குருவி எச்சம் போட்டு கண்ணு போச்சே.”

“எச்சமா? வேதத்துலயா?”

“ஆமாங்கறேன். மவன் மீனோட பித்தத்தத் தடவுனான், பார்வ வந்துருச்சு. அவன் பயணம் போறப்ப கூடவே ஒரு நாயும் போவும்.”

இத்தனை நல்ல கதையை எந்தப் போதகரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபமே வந்துவிட்டது. குருவி, மீன், நாய் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன்.

அடுத்த இதழில் விடை ‘ஈசாக்கு’ என்றிருந்தது. வென்றவர்களில் நான் இல்லை. கீழே கட்டம் கட்டி ஒரு துணுக்கு: ‘வாசகி ஒருவர் தோபித்து என்று எழுதியுள்ளார். அது கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள புத்தகம், நம்முடையதில் இல்லை. நாயையும் மறக்காத சகோதரிக்கு வாழ்த்துகள்!’

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்தது. “பத்திரிகையில வந்துட்டடி, பேரு இல்லாம!”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் எங்கள் போதகர் அதை வாசித்தார். கோயிலே குலுங்கியது.

“யாருங்க அந்தச் சகோதரி? நம்ம சபையா?” என்றார் போதகர்.

வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். “உக்காருடி, மானம் போவுது.”

எழுந்தே விட்டேன். “நான்தாங்க ஐயரே! கதய போட்டாங்க, பேர விட்டுட்டாங்க. அடுத்த மாசம் திருத்தம் போடச் சொல்லுங்க.”

போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போடச் சொல்றேம்மா. பேரு சொல்லுங்க.”

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், இனிஷியலோடு.