அனுதாபம் தெரிவித்துக் கலைந்த சபை

சம்பளம் வாங்காமல் பொதுவேலை செய்கிறவர்களை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் விசர் வரும். நல்லவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் அப்படிப்பட்ட ஏழு ஆண்களோடு ஒரே மேசையில் இருந்து பார்த்தவள் நான். "நாங்கள் ஒரு சதமும் எடுக்கிறதில்லை" என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எந்தக் கேள்வியிலிருந்தும் தப்பிவிடுவார்கள். காசு எடுத்திருந்தாலாவது கழுத்தைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில் எங்கள் கலாசங்கத்தின் மண்டபம் இருந்தது. பிள்ளையில்லாத ஒரு பணக்காரர், ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போன சொத்து அது. அதைப் பரிபாலிக்கத் தர்மகர்த்தாக்கள். தலைவர் நில அளவைக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் எடுத்தவர். காரியதரிசி ஒரு புறக்டர், நீதிமன்றத்தில் வழக்குப் பார்க்கிறவர். மற்றவர்களும் அதே மாதிரி, வெள்ளைக் கோட்டும் தங்கச் சங்கிலி போட்ட மணிக்கூடுமாக வருகிறவர்கள். ஒரு பொம்பிளையும் இருக்கட்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். நாட்டுக்கு வாக்குப் போடப் பெண்களுக்கு உரிமை வந்திருந்த காலம், சங்கம் மட்டும் பின்னுக்கு நிற்கக்கூடாதாம். முதற்கூட்டத்திலேயே தேநீரும் பலகாரமும் என் பொறுப்பு என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்தச் சபை அவ்வளவு கெதியாகச் செய்த தீர்மானத்தை நான் பிறகு கண்டதில்லை.

அந்தச் சபைக்கு ஒரு கண்டறியாத வழக்கம் இருந்தது. தர்மகர்த்தாக்களில் ஒருவருடைய உறவிலோ, ஊரறிந்த பெரிய மனிதர்களிலோ யாராவது இறந்திருந்தால், கூட்டம் தொடங்கியவுடன் எல்லோரும் எழும்பி மௌனமாக நிற்பார்கள். அனுதாபத் தீர்மானம் நிறைவேறும். அதன்பின் மரியாதைக்காக அன்றைய அலுவல் முழுவதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள். துக்கத்தின் மேல் வேறு விஷயம் பேசக்கூடாது. ஆனால் வடை தின்னலாம். கூட்டம் கலைந்த பிறகு ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்து, குதிரைப் பந்தயம், யுத்தச் செய்தி, யாருடைய மகனுக்கு எந்தக் கந்தோரில் இடம் கிடைத்தது என்றெல்லாம் கதைப்பார்கள். அந்த நேரத்தில் சங்கத்து விஷயத்தை எடுத்தால் தலைவர் சிரிப்பார். "சபை கலைஞ்சிட்டுது தங்கச்சி, இப்ப கதைச்சால் செல்லாது."

சங்கம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை கொட்டாஞ்சேனை வகுப்பு. துறைமுகத் தொழிலாளிகள், வண்டிக்காரர்கள், சாப்பாட்டுக்கடைச் சமையல்காரர்கள், இவர்களுடைய பெண்பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் அங்கே வாய்ப்பாட்டுப் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட வயதில் குறைந்தவள், என்னை அக்கா என்பாள். தர்மகர்த்தாக்களில் என்னைத் தவிர ஒருவரும் அந்த வகுப்பைப் போய்ப் பார்த்ததில்லை. கோட்டைக்கு ரயிலில் போய் அங்கிருந்து ட்ராம் ஏறினால் ஆயிற்று. ஆனால் அந்தப் பக்கம் கருவாட்டு மணமாம்.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பதின்மூன்று வயதிருக்கும். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவள் மேல் ஸ்தாயிக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் தாங்கள் பாடுவதை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள். கஷ்டப்படாமல், முகம் சுளிக்காமல், ஏதோ வாசலில் நிற்கிறவள் மாதிரி அந்தச் சுரத்தில் நிற்பாள். அவளைக் காரீயக் கொட்டகையில் வேலைக்கு அனுப்பத் தாய் ஆயத்தமாக இருந்தாள். பென்சில் செய்கிற காரீயத்தைப் பெண்கள் இருந்து தேய்த்துத் தரம் பிரிக்கிற இடம் அது. யுத்தத்தால் காரீயத்துக்குக் கிராக்கி ஏறி, கொட்டகைக்காரர்கள் வீடு வீடாக ஆள் தேடினார்கள். டீச்சர் போய் மன்றாடினாள். வகுப்பு நடக்கிற வரைக்கும் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று தாய் வாக்குக் கொடுத்தாள்.

அப்படியிருக்கையில்தான் வகுப்பு நடந்த பள்ளிக்கூட அறையை விமானத் தாக்குதல் பாதுகாப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மணல் வாளிகளும் தண்ணீர்ப் பீப்பாய்களும் உள்ளே வந்தன, பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஆனாலும் டீச்சர் சும்மா இருக்கவில்லை. புறக்கோட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்த இந்தியச் செட்டியார் ஒருவரைப் பிடித்தாள். கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு கட்டிடம், அதில் முன்னறை சும்மா கிடந்தது. வாடகை ஒன்றும் வேண்டாம் என்றார். பொம்பிளைகள் இருவருக்குத் தனியாகக் கொடுத்தால் பங்காளிகள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், சங்கத்தின் பேரில் என்றால் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள், அவ்வளவுதான் அவருடைய யோசனை. "கமிட்டி கூடி ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும்மா, சாவியை அன்னைக்கே குடுத்திர்றேன்" என்றார். தை பிறந்ததும் மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறவர். அதற்கு முன் முடியவேண்டும். பிள்ளையின் தாயும் அதுவரைக்கும் பொறுப்பதாகச் சொன்னாள்.

மூன்று கூட்டங்கள் இருந்தன. ஒரு வார்த்தை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நானும் நினைத்தேன்.

முதற்கூட்டத்தில் ஒரு தர்மகர்த்தாவின் மனைவியுடைய சிற்றப்பா மலாயாவில் காலமாகியிருந்தார். மனிதர் செத்து எத்தனையோ நாள், கப்பலில் செய்தி வர அவ்வளவு காலம். அந்தத் தர்மகர்த்தாவே அவரை ஒருநாளும் கண்டதில்லை. எழும்பினார்கள், நின்றார்கள், ஒத்திவைத்தார்கள், வடை தின்றார்கள். இரண்டாவது கூட்டத்தில் பம்பலப்பிட்டியில் ஒரு கோயில் பிரமுகர். மறுபடியும் அதே கூத்து.

அந்த மாதம் முழுவதும் நான் ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் நடந்தேன். தனியாகக் கேட்டால் அவர்களைப் போல நல்லவர்கள் கிடையாது. "அதுக்கென்ன, தாராளமாய்" என்றார் ஒருவர். புறக்டரின் மனைவி எனக்குக் கொக்கிஸ் சுட்டுத் தந்தாள். வகுப்பு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போவாள் என்றும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பாவம், பாவம்" என்றார். அறைக்கு எதிராக ஒருவர்கூட இல்லை. எதிராக ஒருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை பிடித்து வென்றிருப்பேன்.

மார்கழிக் கூட்டத்தில், புறக்டரின் மாமியாருடைய தமையன் சாவகச்சேரியில் போய்விட்டார். தொண்ணூறைத் தாண்டிய கிழவர். நாற்காலிகள் பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டது. ஏழு பேரும் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எழும்பவில்லை.

தலைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "தங்கச்சி, எழும்பும்" என்றார் மெதுவாக.

"செத்தவருக்கு இனி ஒரு அவசரமும் இல்லை, ஐயா," என்றேன். "அறைக்கு ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிறகு விடியிற வரைக்கும் நிக்கச் சொன்னாலும் நான் நிக்கிறன்."

அப்படியொரு அமைதியை அந்த மண்டபத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. அது மட்டும்தான் உண்மையான மௌன அஞ்சலி. பிறகு புறக்டருக்கு முகம் சிவந்தது. நீதிமன்றத்தை விட்டு, கட்சிக்காரரை விட்டு, ஒரு சதம் வாங்காமல் வருகிற ஆட்கள் தாங்கள் என்றும், தன் வீட்டுத் துக்கத்தை இப்படி அவமதிக்க விடமுடியாது என்றும் கத்தினார். அந்தக் கிழவர் உயிரோடிருந்தபோது அவருடைய காணியை எழுதுவித்துக்கொள்ள இவர் ஊருக்குப் போய்வந்த கதை எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அறைக்காக விழுங்கிக்கொண்டேன். விழுங்கி என்ன பயன்? தலைவர் சபையை ஒத்திவைத்தார். தை மாதக் கூட்டத்தில் முதல் விஷயமே அறைதான் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். செட்டியார் அதற்கு முன் போய்விடுவார் என்று நான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இவர்.

செட்டியார் கப்பலேறினார். அவருடைய கணக்கப்பிள்ளை அந்த அறையில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் அடுக்கினார். தை மாதக் கூட்டத்தில் முதல் விஷயம் அறையல்ல, என்னுடைய மரியாதைக்குறைவு. அடுத்த கிழமையே அந்தப் பிள்ளை காரீயக் கொட்டகைக்குப் போனாள். தாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவள் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். சொன்ன வாக்கைக்கூடக் காப்பாற்றாதவர்கள் நாங்கள்.

ஐந்தாறு மாதம் போனது. ஒரு பின்னேரம் தலைவரும் புறக்டரும் என் வீட்டுப் படியேறி வந்தார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு மந்திரி வருகிறார், தேவாரம் பாடவும் கச்சேரி செய்யவும் பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன்.

"எங்கட கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள்தான்," என்றார் தலைவர்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, இந்த மனிதர்களுக்கு வகுப்பு நின்றுபோனதே மனதில் பதியவில்லை. ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு மாமரத்தில் காய் வருகிற மாதிரிப் பிள்ளைகள் தாங்களாக வருவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அறை விஷயம் "நிலுவையில்" இருக்கிறதாம். நிலுவையில் இருக்கிற அறையில் பிள்ளைகள் இவ்வளவு காலமும் பாடிக்கொண்டிருந்தார்களாக்கும்! வாசலைக் காட்டி, இறங்கிப் போங்கள் என்றேன். தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு பிள்ளையையும் அனுப்பாதே, மந்திரிக்கு முன்னால் அவர்கள் நாறட்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு இருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கோவிக்க ஒரு கமிட்டி இருக்கு," என்றாள். "இவையளுக்குப் பாட ஒரு இடமும் இல்லை. ஒரு நாளெண்டாலும் பாடட்டும்."

அவளோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டினேன். எல்லோரும் வரவில்லை. அந்தப் பிள்ளை வந்தாள். எவ்வளவு தேய்த்துக் குளித்தும் நகக்கண்ணிலும் காதோரத்திலும் காரீயம் கறுப்பாக மினுங்கியது.

விழாவில் அவளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். தொடக்கம் நன்றாக இருந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் குரல் ஏறி, பிளந்து, இருமலாகிவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் விட்ட இடத்தைப் பிடித்துப் பாடினாள். மண்டபம் கை தட்டியது. முன்வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தலைவர் மேடையேறி, ஒரு சதமும் பெறாமல் நாங்கள் வளர்த்தெடுத்த செல்வங்கள் என்று மந்திரிக்குப் பிள்ளைகளைக் காட்டினார்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்குகிற நேரம், அந்தப் பிள்ளை எங்களிடம் வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "அடுத்த கிழமை எங்க வரணும், டீச்சர்?" என்று கேட்டாள். தங்களைக் கூப்பிட்டுப் பாட வைத்ததால் வகுப்பு திரும்பவும் தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையின் கையைப் பிடித்துத் தலைவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அவரிடமே கேள் என்றேன். அவள் கேட்டாள்.

அவர் குனிந்து அவளுடைய தலையைத் தடவினார். "கமிட்டியில கதைப்பம், பிள்ளை," என்றார்.

அவள் அதை நம்பித் தலையாட்டினாள்.