றக்வானையிலிருந்து கற்பிட்டிக்கு: டொல்பின் எண்ணப் போன ஒரு வாரம்

இந்த வருடம் சித்திரை வருடப் பிறப்புக்கு முந்தின வாரம், பாடசாலை விடுமுறையில், நானும் என் சிநேகிதி ரிஸ்னாவும் கற்பிட்டிக்குப் போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. களப்பு கடலோடு சேரும் வாயிலும் கரையை ஒட்டிய கடலிலும் திரியும் டொல்பின்கள் எத்தனை இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று கணக்கெடுக்கும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்குத் தொண்டர்களாக. எங்கள் சபரகமுவ மாகாணப் பக்கமிருந்து இப்படிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ரிஸ்னா இரத்தினபுரி டவுனில் விஞ்ஞான ஆசிரியை, படம் எடுப்பதில் பைத்தியம். ஆசிரியர் கலாசாலைக் காலத்திலிருந்து பழக்கம். விண்ணப்பம் போட்டது அவள்தான். "படம் நான் எடுக்கிறேன், கணக்கு நீ பாரு. ஒரு வாரந்தானே, வா"ன்னு போனில் சொன்னாள். நான் அதுவரை படகில் ஏறியதே இல்லை. அதை அவளிடம் சொன்னேன். "நானும்தான் ஏறல்ல"ன்னு சிரித்தாள்.

றக்வானையில் காலை ஐந்தே கால் பஸ். இரத்தினபுரிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வளைவுகளில் தலை சுற்றாதவர்கள் ஜன்னலோரம் உட்காரலாம். பஸ் ஸ்டாண்டில் ரிஸ்னா கமராப் பையுடன் நின்றாள். அங்கிருந்து கொழும்பு கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். அங்கே கோட்டைப் பகுதியில் கற்பிட்டி பஸ் பிடித்து, சிலாபம், புத்தளம் பக்கமாகப் போய்ச் சேரும்போது மாலை ஐந்து. பஸ் செலவு ஒருவருக்கு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் வந்தது, எல்லாம் சாதாரண பஸ்.

தங்குமிடத்துக்குக் கூட்டிப்போன த்ரீவீல்காரர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"டொல்பின் எண்ணுறதுக்குங்க" என்றேன்.

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "எண்ணுறதுக்கா? எண்ணி முடியும் வரைக்கும் அது நிக்குமா, மிஸ்?"

நியாயமான கேள்வி. பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் விசர்நாய் ஊசி போடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நாய்களுக்கு ஊசி போட்டு நெற்றியில் சாயம் பூசி விடுகிறார்கள். அடுத்த வாரம் கண்ணில் படும் பத்து நாய்களில் இரண்டின் நெற்றியில் மட்டும் சாயம் இருந்தால், ஐந்துக்கு ஒன்றுதான் சாயம் பூசியது. அப்படியானால் தோட்டத்தில் ஐம்பது நாய் அளவில் இருக்க வேண்டும். டொல்பினுக்குச் சாயம் தேவையில்லை. முதுகுத் துடுப்பின் ஓரத்தில் உள்ள வெட்டுகளும் தழும்புகளும் ஒன்றுக்கொன்று வேறு. துடுப்பைப் படம் எடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட்டால், ஏற்கெனவே கண்டதா புதியதா என்று தெரிந்துவிடும். இதை வருடா வருடம் செய்தால் போக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடலுக்குப் போனோம். எங்கள் குழுத் தலைவி நிரோஷனி, ஆராய்ச்சி மாணவி. எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார். படகு அந்தோனி அண்ணனுடையது. ரிஸ்னாவிடம் கமரா, என்னிடம் கண்டதைத் தாளில் குறிக்கும் பதிவு வேலை. களப்பு வாயைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் செய்த ஒரே வேலை வாந்தி எடுத்தது. டொல்பின்கள் வந்தனவாம். நான் பார்த்தது படகின் ஓரத்தை மட்டும்.

கரைக்கு வந்ததும் நிரோஷனி என் தோளில் கை வைத்து, இனி நீங்கள் கரையில் இருந்து படங்களை ஒப்பிடும் வேலையைப் பாருங்கள், அதுவும் முக்கியந்தான் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு டொல்பினைக்கூடப் பார்க்காமல் போவதா?

"அழாதே டீ, மூணு நாள் இன்னும் ஈக்கி" என்றாள் ரிஸ்னா. அவள் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'.

அடுத்த இரண்டு நாட்கள் மின்விசிறிக்குக் கீழே மடிக்கணினியில் துடுப்புகள் பார்த்தேன். சலிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றும் ஒரு முகம் மாதிரி மனதில் நின்றது. ஒன்றின் நுனி அறுந்திருந்தது. ஒன்றில் வலை இழுத்த கோடு. இன்னொன்றின் பின்னோரத்தில் இரண்டு வெட்டுகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, படிக்கட்டு மாதிரி. குழுவினர் அதற்குச் சிங்களத்தில் 'பியகெட்ட' என்று பெயர் வைத்திருந்தார்கள், படி என்று அர்த்தம். பெண் டொல்பின். இரண்டு வருடமாக யாருடைய படத்திலும் இல்லை.

"செத்திருக்கும் என்றுதான் நினைக்கிறோம்" என்றார் நிரோஷனி. தெரிந்த டொல்பின்கள் இப்படி ஒவ்வொன்றாகக் காணாமல் போவதால், இந்த முறை 'குறைகிறது' என்று எழுத வேண்டி வரலாம் என்று அவருக்குக் கவலை. ஒரு டொல்பினை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஆனால் குட்டி போடக்கூடிய ஒரு பெண் போவது சின்ன விஷயம் இல்லை.

கடைசி நாளுக்கு முந்தின மாலை, எனக்குப் பதிலாகப் பதிவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தொண்டர் பையனுக்குக் காய்ச்சல். அடுத்த நாளுக்குப் பிறகு காற்று கிளம்பும் என்று வானிலை அறிக்கை சொன்னது. கடைசிச் சுற்று போகாவிட்டால் இந்த வருடக் கணக்கு அரைகுறை. நிரோஷனி என்னைப் பார்த்தார், கேட்கவில்லை.

"நான் வர்றேங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தோனி அண்ணன்தான் வழி சொன்னார். "காலையில வெறும் பிஸ்கட்டும் இஞ்சித் தேத்தண்ணியும் போதும் டீச்சர். நடுவில உட்காருங்க. தாளைப் பார்க்காதீங்க, தூரத்தையே பாருங்க." பதிவை நான் வாயால் சொல்ல, ரிஸ்னாவின் போன் அதை ஒலிப்பதிவு செய்யட்டும் என்று ஏற்பாடு செய்தோம்.

தூரத்தையே பார்த்ததுதான் என் அதிர்ஷ்டம். கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றரில், எல்லோரும் இடப்பக்கம் ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலப்பக்கத்தில் தனியாக ஒரு முதுகு எழும்பி மறைந்தது. பின்னோரத்தில் இரண்டு வெட்டு.

"படி! அது படி!" என்று தமிழில் கத்தினேன். நிரோஷனிக்குப் புரியவில்லை. பிறகு சிங்களத்தில் கத்தினேன். நிரோஷனி எழுந்தே விட்டார். அந்தோனி அண்ணன் எஞ்சினை அணைத்தார்.

"எங்க டீ? எங்க?" என்று ரிஸ்னா கமராவோடு திரும்பினாள்.

"வலப்பக்கம், மூணு மணித் திசையில! திரும்ப வரும், பொறு!"

வரவில்லை. படகு அசைந்தது. அந்த முதுகைத் தேடியதில் வயிற்றை மறந்துவிட்டேன். பிறகு இன்னும் கிட்டத்தில், மூச்சு விடும் சத்தம். முதலில் அவள் முதுகு. அடுத்து, ஒட்டிக்கொண்டே, சாம்பல் நிறத்தில் சின்னதாய் ஒன்று. ரிஸ்னாவின் கமரா விடாமல் படபடத்தது.

நிரோஷனி கமராத் திரையைப் பெரிதாக்கினார். மேல் வெட்டு, கீழ் வெட்டு. இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எயாமய்! எயாமய்!" என்றார். அவளேதான். அந்தோனி அண்ணன் கை தட்டினார். ரிஸ்னா, "அல்லாஹ், குட்டியோட வந்தீக்கிறா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வாந்தி வந்தது. இந்த முறை யாரும் கரைக்குப் போகச் சொல்லவில்லை. வாயைத் துடைத்துவிட்டு, சுற்று முடியும் வரை பதிவு சொன்னேன்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் கழித்து நிரோஷனி அழைத்தார். எங்கள் தோட்டத்தில் சிக்னல் பிடிக்க தொழிலாளர் லயத்துக்கு மேலே ரோட்டு முனைக்கு ஏற வேண்டும். மழையில் நின்றுகொண்டே கேட்டேன். எல்லாப் படங்களையும் ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். தொலைந்தவை என்று நினைத்த இன்னும் சிலவும் ரிஸ்னாவின் படங்களில் இருந்தன. குறைகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. எண்ணிக்கையை அறிக்கை வரும் முன் வெளியில் சொல்ல வேண்டாம் என்றதால் இங்கே எழுதவில்லை.

போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் அந்தப் பக்கம் கடல் அமைதி. ஒருவருக்குப் போய் வர, தங்க, சாப்பிட எல்லாம் சேர்த்து பதினேழாயிரம் ரூபாய் முடிந்தது. நீண்ட கைச்சட்டை, தொப்பி, கயிறு கட்டிய கண்ணாடி கொண்டுபோங்கள். டொல்பினுக்குக் குறுக்கே படகை ஓட்டச் சொல்லாதீர்கள். துரத்தினால் படமும் கிடைக்காது, அதுக்கும் நிம்மதி இல்லை. கமரா இல்லை, நீந்தத் தெரியாது, கடல் ஒத்துக்கொள்ளாது என்று தயங்க வேண்டாம். கரையிலும் வேலை இருக்கிறது.

அந்தக் குட்டிக்கு இன்னும் துடுப்பில் ஒரு கீறலும் இல்லை, அதனால் பட்டியலில் அதற்கு எண் கொடுக்க முடியாது. ஆனாலும் பெயர் வைக்கும் உரிமையை எனக்குக் கொடுத்தார்கள். 'கொழுந்து' என்று வைத்திருக்கிறேன். நிரோஷனிக்கு அந்தச் சொல் வாயில் நுழையச் சிரமம், ஆனால் விடாமல் சொல்லிப் பழகுகிறார்.