மூன்றாவது பத்தி

1926 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்து, தெருக்குழாயில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். ஆறரைக்குத் தலை பின்னிக்கொண்டேன். அரை நாள் பள்ளி. பதினொன்றரைக்கு வீடு திரும்பியபோது அப்பாவின் தபால் கார்டு ஜன்னலில் செருகியிருந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இறந்த வருஷம், கௌதள்ளி கிராமத்தில் எங்கள் விவசாயக் காட்டையும் அப்பாவையும் விட்டு, படிப்பதற்காக மைசூரில் மாமா வீட்டுக்கு வந்தவள். பள்ளியில் விஞ்ஞானம் இங்கிலீஷில் நடந்தது. புது வார்த்தைகளை நோட்டில் எழுதி, பக்கத்தில் அவரவர் பாஷையில் அர்த்தம் எழுதச் சொன்னார்கள். நான் மூன்று பத்தி கோடு போட்டேன்: இங்கிலீஷ், கன்னடம், தமிழ். முதல் இரண்டும் கரும்பலகையிலிருந்து நிரம்பிவிடும். மூன்றாவதற்கு ஆள் இல்லை. மாமா வீட்டில் தமிழ் சமையலுக்கும் சண்டைக்கும் மட்டும்தான்.

அதனால் ஞாயிறுதோறும் அப்பாவுக்கு ஐந்து வார்த்தைகளை விளக்கி எழுதி, ஊரில் இவற்றை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்பேன். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். பென்சிலால் பதில் எழுதுவார். இவாபரேஷனுக்கு, குட்டை வத்தறது. செடிமெண்டுக்கு, வண்டல். சிலவற்றுக்கு, பூசாரியிடமும் வண்டிக்காரரிடமும் கேட்டதாகக் குறிப்பு இருக்கும்.

கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஜூலையில் வந்த ஒன்றை, என்னைவிட ஒரு வயது மூத்த மாமன் மகள் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தாள். அப்சர்வேஷன் என்றால் உற்றுக் கவனிப்பது என்று நான் விளக்கியிருந்தேன். காட்டில் பன்றி வருகிறதா என்று பரண்மேல் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதுதான் அது என்று அப்பா எழுதியிருந்தார்.

"நோடம்மா, அப்சர்வேஷன்னா பன்னிக் காவலாம். திங்கக்கிழமை இவ கிளாசுக்குத் தடி எடுத்துட்டு வருவா பாரு" என்று கன்னடம் கலந்து தன் அம்மாவிடம் சொன்னாள்.

அத்தை சிரித்தாள். மாமா பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அதே வார்த்தையைக் கேட்டார்கள். எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பரண்தான் கண்முன் நின்றது. வாயைத் திறக்காமல் மணி அடிக்கும்வரை நின்றேன்.

அதற்குப் பிறகு வார்த்தைகள் அனுப்பவில்லை. சௌக்கியம் என்று மட்டும் எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த கார்டில் இருந்தது இவ்வளவுதான்: "நாலு வாரமா வார்த்தை வரலையே கண்ணு. பள்ளிக்கூடம் லீவா? ரண்டாச்சும் எழுதி அனுப்பு. பொழுது சாஞ்சா ஊட்ல வேற சோலி இல்ல."

யாரும் பார்ப்பதற்குள் அதை நோட்டுக்குள் மறைத்தேன். இந்த வயதில் அப்பாவுக்கு இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அன்று மாலையே பதில் எழுதினேன்: அர்த்தமெல்லாம் இப்போது பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள், இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

மறுநாள் ஞாயிறு. தண்ணீர் பிடித்து வைத்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களில் இரண்டே பத்தியாகக் கோடு போட்டேன். எழுத இடம் தாராளமாகக் கிடைத்தது.