இரண்டையும் பற்றிய புரதம்

ஜெல் என்னும் கூழ்த் தகட்டின் அந்தப் படத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் ஒரே உயரத்தில் நின்றன. ஒன்று டிஎன்ஏ. எங்கள் பாக்டீரியாப் புரதம் அதைப் பற்றிக்கொண்டதால் கீழே இறங்காமல் நின்றது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றது ஆர்என்ஏ. அதையும் அதே புரதம் பிடித்து நிறுத்தியிருந்தது. டிராம்பே பக்கத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூன்று வருடம் மூத்த ஆய்வு மாணவியான அக்கா, படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏட்டி, ரெண்டையும்லா புடிச்சிருக்கு!" என்று கத்தினார்.

அக்கா தாராவிக்காரர். அவருடைய அப்பாவுக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. எங்கள் பேராசிரியருக்கு வீடு வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவில். அந்தப் புரதம் டிஎன்ஏவை மட்டுமே பற்றும் என்று எழுதியே பெயர் வாங்கியவர். வாரக் கூட்டத்தில் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆர்என்ஏல டிஎன்ஏ கலந்திருக்கும்மா. சுத்தமா வேலை பண்ணணும். நீ இருக்கற எடத்துல அது கஷ்டம்தான், புரியறது" என்றார். யாரோ சிரித்தார்கள்.

ஆர்என்ஏவைத் தயாரித்தது நான். டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைப் போட்டு, துளியும் மிச்சமில்லை என்று இருமுறை பார்த்து, குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். முனைவர் பட்டத்துக்கான என் பதிவுப் படிவம் பேராசிரியரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அதே சோதனையை அக்கா ஒன்றரை வருடம் திரும்பத் திரும்பச் செய்தார். அதே பட்டைகள், பேராசிரியரிடமிருந்து அதே பதில். ஒருநாள் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் பட்டம் இல்லாமலே போய்விட்டார். எனக்குப் பட்டம் கிடைத்தது, ஐரோலியில் வேலையும் கிடைத்தது.

போன மாதம், வெளிநாட்டுக் குழு ஒன்று அந்தப் புரதம் இரண்டையும் பற்றும் என்று கட்டுரை வெளியிட்டது. அவர்களுக்கு வாழ்த்து அனுப்பியதாகப் பேராசிரியர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையே, செம்பூரில் டியூஷன் நடத்தும் அக்காவைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை ரயிலிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

என் செல்போனில் கட்டுரையைக் கடைசிவரை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"இத மொதல்ல நாமல்லா பாத்தோம், ஏட்டி" என்றார்.

'நாம' என்று சொல்லாமல் 'நான்' என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.